ஈசான மூலையில் ஒரு தாலுகா

வீடு கட்டும்போது ஈசானிய மூலையை நம்மவர் எவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள் என்பதை யாவரும் அறிவர். கிணறு அங்கேதான் வெட்ட வேண்டும். தெய்வத்துக்கு உரிய இடமும் அதுவே. தாய்லாந்து தேசத்தார் தங்கள் நாட்டின் வடகிழக்குப் பகுதிக்கு இட்டிருக்கும் பெயரும் அதே ஈசானம்தான். 'ஈசான்' என்று சொல்லுகிறார்கள். ஆனால் நீர் இருக்க வேண்டிய அந்த மூலையில்தான் அந்நாட்டில் நீருக்குப் பஞ்சம் அதிகம். மணற்பாங்கான பூமி, அடியில் கல்லுப்புப் பாறை. மழை பெய்தால் வயல்கள் கடலாகி விடும். பெய்யாவிட்டால் உப்புப் பூத்துக் கிடக்கும். நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு, 20 மாகாணங்கள், சுமார் 2 கோடியே 20 லட்சம் மக்கள். இருந்தும் அந்நாட்டு நகரவாசிகளிடையே 'ஈசான்காரர்' என்ற சொல்லுக்கு வேலைக்காரர் என்ற தொனி நெடுங்காலமாக உண்டு.

நம் சங்கத்து அங்கத்தினர்களில் பாங்காக் நகரம் சென்று வந்தவர்கள் இன்று அநேகர். மரகத புத்தர் ஆலயத்தைப் பற்றியும், அரசவை அந்தணர் மார்கழியில் திருவெம்பாவை ஓதும் அதிசயத்தைப் பற்றியும் இத்தகைய பக்கங்களில் பலரும் எழுதிவிட்டனர். ஆகவே அவற்றை விடுத்து, சென்ற நவம்பர் மாதம் நான் கண்டு வந்த ஒரு சாதாரண விவசாயத் தாலுகாவைப் பற்றிச் சொல்லுகிறேன்.

பாங்காக்கில் உத்தியோகம் பார்க்கும் என் சகோதரியின் மகன் இல்லத்தில் தங்கியிருந்தேன். அவனுடைய அலுவலகத்துக் கார் ஓட்டுநர் அறுவடைக்காகப் பத்து நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு ஊருக்குப் புறப்படுவதாக இருந்தார். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர். ஆங்கிலம் ஓரளவு பேசுவார். "எங்கள் ஊரில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, நெல்தான் இருக்கிறது" என்றார். தஞ்சை ஜில்லாவில் பிறந்து முப்பது வருஷமாக மும்பையில் வாழும் எனக்கு அதற்கு மேல் என்ன அழைப்பு வேண்டும்?

மோ சிட் என்னும் பெரிய பஸ் நிலையத்தில் இரவு ஏறினோம். தீபாவளிக்கு முந்தின நாள் தாதர் ஸ்டேஷனைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலையத்தை வருணிக்க வேண்டியதில்லை. அதே பெட்டிகள், அதே கயிறு கட்டிய மூட்டைகள், அதே தூக்கமில்லாத குழந்தைகள். எனக்கு வியப்பளித்தது வேறொன்று. பஸ் நகர எல்லையைத் தாண்டியதும் என் நண்பர் பக்கத்து ஆசனக்காரரோடு பேசிய பாஷை மாறிவிட்டது. அலுவலகத்தில் அவர் பேசுவது பாங்காக் தாய் மொழி. ஊர் மொழியோ லாவோ. ஈசான் மக்களில் பெரும்பாலோர் மேக்கோங் நதிக்கு அக்கரையிலுள்ள லாவோஸ் மக்களின் இனத்தவரே. 1827-28ஆம் ஆண்டுகளில் வியந்தியான் அரசர் சாவ் அனு சயாமியரிடம் தோல்வியுற்ற பிறகு திரள் திரளாக இக்கரைக்குக் கொண்டு வரப்பட்டவர்களின் சந்ததியாரும் அவர்களில் உண்டு. பள்ளியில் ஒரு மொழி, அடுப்பங்கரையில் ஒரு மொழி என்று வாழ்வது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று.

விடியுமுன் ரோய் எட் நகரை அடைந்தோம். பாங்காக்கிலிருந்து 500 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 'ரோய் எட்' என்றால் நூற்றொன்று என்று பொருள். பழைய நகருக்குப் பதினொரு வாயில்கள் இருந்தனவாம். பதினொன்றைப் பத்தும் ஒன்றுமாகச் சேர்த்து எழுதும் அக்கால வழக்கத்தால் அது 101 ஆகிவிட்டது என்று சொல்லுகிறார்கள். அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் உள்ளது நாங்கள் சென்ற தாலுகா. அதன் பெயர் கசேத் விசாய். 'கசேத்' என்பது க்ஷேத்திரம், அதாவது கழனி. 'விசாய்' என்பது விஷயம், அதாவது நாடு. பக்கத்துத் தாலுகாவின் பெயர் சுவர்ணபூமி! பாங்காக்கில் நம் விமானங்கள் வந்து இறங்கும் நிலையத்துக்கும் அதே பெயர்தான். ஒரே பெயரில் விமான நிலையமும் நெற்காடும் இருக்கின்றன.

இந்தத் தாலுகாக்கள் அடங்கிய பெருவெளியைத் 'துங் குலா ரோங் ஹாய்' என்கிறார்கள். குலா அழுத வெளி என்பது அதன் பொருள். குலா என்போர் பர்மாப் பக்கத்திலிருந்து சரக்குகளைச் சுமந்து ஊர் ஊராக விற்க வந்த வணிகர்கள். எத்தகைய பயணத்துக்கும் அஞ்சாத அவர்கள், நாட்கணக்கில் நடந்தும் நிழலோ நீரோ காணாமல் இந்த வெளியில் உட்கார்ந்து அழுதுவிட்டார்களாம். ஐந்து மாகாணங்களில் பரவிக் கிடக்கும் இந்த வெளியின் பரப்பு 21 லட்சம் ராய். நம் கணக்கில் இரண்டரை ராய் ஓர் ஏக்கர். ஆக 8 லட்சம் ஏக்கருக்கு மேல். கோடையில் வெடித்தும் மழைக்காலத்தில் மூழ்கியும் கிடந்த அந்த நிலத்தில், 1980களில் ஆஸ்திரேலிய நாட்டின் உதவியோடு சாலைகளும் வாய்க்கால்களும் வந்தன. வரப்புகளில் தைலமரம் நட்டார்கள். அது நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்ற வழக்கு நம் புதுக்கோட்டைச் சீமையில் எப்படித் தீரவில்லையோ அப்படியே அங்கும் தீரவில்லை.

குலாக்கள் அழுத அந்த வெளியில் இன்று விளைவது உலகம் அறிந்த 'ஹோம் மலி' அரிசி. 'ஹோம்' என்றால் மணம். 'மலி' என்பது நம் மல்லிகையே. ஆனால் மணத்தில் அது மல்லிகை அன்று. மல்லிகை என்பது அரிசியின் வெண்மைக்கு வந்த பெயர்; மணமோ பிரியாணியில் போடும் ரம்பை இலையின் மணம். இந்த நெல்லின் பூர்வ கதையும் சுவையானது. அது ஈசானத்தில் பிறந்ததே அன்று. 1950-51இல் சுந்தோன் சீஹனூன் என்ற விவசாய அதிகாரி, பாங்காக்குக்குக் கிழக்கேயுள்ள சாச்சூங்சாவ் மாகாணத்தில் 199 கதிர்களைப் பொறுக்கி எடுத்தார். அவற்றை வரிசை வரிசையாக விதைத்துச் சோதித்ததில் 105ஆம் எண் தேறியது. 1959இல் அரசாங்கம் அதை விவசாயிகளுக்கு அளித்தது. இன்றும் அதன் முழுப்பெயரில் 105 என்ற எண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வளமான பூமியில் பிறந்த அந்த நெல், வறண்ட ஈசானத்துக்குக் குடிபோன பிறகுதான் கீர்த்தி பெற்றது. வறட்சியும் உப்பும் பயிரை வருத்தும்போது அதன் மணம் கூடுகிறது என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் 'துங் குலா ரோங் ஹாய்' என்ற ஊர்ப்பெயருக்கே பாதுகாப்பு அளித்துப் பதிவு செய்தது.

நம் சம்பாவைப் போல இதுவும் பகற்பொழுதின் நீளம் பார்த்துப் பூக்கும் நெல். மே மாதம் விதைத்தாலும் ஜூலையில் விதைத்தாலும் அக்டோபர் 20ஐ ஒட்டித்தான் பூக்கும். ஆகவே நவம்பரில் அந்த வெளி முழுவதும் ஒரே சமயத்தில் பொன்னிறமாகிறது. நம் சோழ நாட்டில் அடைமழை பிடிக்கும் மாதத்தில் அங்கே வானம் வெளுத்து, வடக்கிலிருந்து குளிர்ந்த காற்று வீசுகிறது. வைகறையில் நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது முதலில் என்னை எதிர்கொண்டது அந்த வாசனைதான்.

அறுவடை என்றதும் வரிசையாக நின்று அரிவாளால் அறுப்பதை நான் எதிர்பார்த்திருந்தேன். அது போயிற்று. வாடகை யந்திரம் வருகிறது. ஒரு மணி நேரத்தில் வயல் மொட்டையாகிறது. நெல் நேரே லாரியில் விழுந்து ஆலைக்குப் போகிறது. காய வைக்கக் களமும் இல்லை, ஆளும் இல்லை. ஆலைக்காரர் ஈரத்துக்கென்று விலையில் பிடித்துக்கொள்கிறார். முன்பெல்லாம் ஒருவர் வயலுக்கு ஊரே சென்று அறுத்து, பின்பு அடுத்தவர் வயலுக்குப் போவது வழக்கம். தாய் மொழியில் அதற்கு 'லோங் கேக்' என்று பெயர். 'கேக்' என்றால் விருந்தினர். வயலில் விருந்தினரை இறக்குதல் என்பது போல அச்சொல் அமைந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்நாட்டில் இந்தியரைக் குறிக்கும் சொல்லும் 'கேக்' என்பதே. அது எப்போதும் மரியாதையாகவே சொல்லப்படுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். கடைத் தெருவில் அந்தச் சொல் என் முதுகில் விழுந்ததும் உண்டு. ஆயினும் அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் "கேக்! கேக்!" என்று என் பின்னால் ஓடி வந்தபோது, முப்பது வருஷமாக நாம் எந்த ஊரிலும் விருந்தினராகத்தானே இருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டேன்.

நண்பரின் வீடு பழைய முறைப்படி மரத்தூண்கள் மேல் எழுப்பிய வீடு. கீழே திறந்த வெளியில் ஒரு தறி, ஒரு கயிற்று ஊஞ்சல், நாலைந்து கோழிகள், ஒரு மோட்டார் சைக்கிள். அவருடைய தாயாருக்கு வயது 78. ஊரார் 'மே யாய்', அதாவது பாட்டியம்மா என்று அழைக்கிறார்கள். என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதற் கேள்வி "கின் காவ் லேவ் போ?" என்பது. "சாப்பிட்டாயிற்றா?" என்று அர்த்தம். மொழிபெயர்ப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. மணக்கும் மல்லிகை அரிசியை விளைவிக்கும் அந்த வீட்டில் அதை உண்பதில்லை! அது விற்பனைக்கு. அவர்கள் உண்பது 'காவ் நியாவ்' என்னும் ஒட்டும் அரிசி. ஊறவைத்து, மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைத்து, சிறு பிரம்புப் பேழையில் வைத்துக் கையால் உருட்டி உருட்டி உண்கிறார்கள். பர்மாவிலிருந்து நகரத்தார் கொண்டு வந்ததாகச் சொல்லப்படும் கவுனி அரிசியை உண்டவர்களுக்கு அந்தப் பிசுபிசுப்புத் தெரியும். இதிலும் ஒரு விந்தை உண்டு. அங்கே மிகுதியாகப் பயிராகும் ஒட்டு நெல்லின் பெயர் 'கோ கோ 6'. 1977இல் வெளியான அந்த நெல், அதே மல்லிகை 105இன் மீது காமாக் கதிர்களைச் செலுத்தி உண்டாக்கியது. ஆக, விற்பதும் உண்பதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. தொட்டுக்கொள்ள 'பா தேக்' என்னும் உப்பிட்டு ஊறிய மீன். நம் கருவாட்டுக்கு மூத்தாள் என்று அதைச் சொல்லலாம். மரக்கறி மட்டும் உண்ணும் அன்பர்கள் 'ஜே' என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு போவது நலம். அப்படியும் கிராமத்தில் வாழைப்பழமும் அவித்த சோளமும்தான் உறுதியாகக் கிடைக்கும்.

மாலையில் மிதிவண்டியில் கூ காசிங் என்ற இடத்துக்குச் சென்றோம். அதே தாலுகாவில் வயல்களின் நடுவே இருக்கிறது. கெமர் அரசர்கள் 11ஆம் நூற்றாண்டில் எழுப்பிய சிவாலயம். ஒரே மேடையில் மூன்று செங்கல் கோபுரங்கள், சுற்றிலும் செம்பாறை மதில், அதற்கு அப்பால் அகழி. கங்கைகொண்ட சோழபுரம் எழுந்த அதே நூற்றாண்டு. கதவு நிலைக்கு மேலேயுள்ள கல்லில் செதுக்கிய கொடிகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பூசை இல்லை. இரண்டு சிறுவர்கள் மதில் நிழலில் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பெற்றோர் எங்கே என்று கேட்டேன். ஒருவனுடைய தந்தை பாங்காக்கில் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறாராம், தாய் எங்கேயோ. மற்றவனுடைய தாய் தந்தை இருவரும் தொழிற்சாலையில்.

இதைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அந்தக் கிராமத்தில் முதியோரும் சிறுவருமே கண்ணில் படுகிறார்கள். இடைப்பட்ட வயதினர் இல்லை. தாய்லாந்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை தாயோடும் இன்றித் தந்தையோடும் இன்றி வளர்கிறது. அத்தகைய குழந்தைகள் ஈசானத்திலேயே அதிகம். காரணத்தை நண்பர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டே காட்டினார். அவர்களுக்கு 18 ராய் நிலம். 3 ராயில் வீட்டுக்கு ஒட்டு நெல். மீதி 15 ராயில் மல்லிகை. ராய்க்கு 400 கிலோ கண்டால் நல்ல ஆண்டு. 6 டன் நெல்லுக்கு ஈரம் கழித்து அவ்வருஷம் கைக்கு வந்தது ஏறக்குறைய 70,000 பாத். உழவு, உரம், அறுவடை யந்திரம், விவசாய வங்கிக்கு வட்டி இவை போனால் பாதி மிஞ்சுவது அரிது. தைவானில் ஒரு தொழிற்சாலையில் அவருடைய தங்கை இந்த 70,000 பாத்தை மூன்று மாதத்துக்குள் சம்பாதித்துவிடுவாராம்.

விலையைப் பற்றி அவர்களுக்கு ஓர் ஆற்றாமையும் உண்டு. 2011இல் அன்றைய அரசாங்கம் மல்லிகை நெல்லை டன்னுக்கு 20,000 பாத் வீதம் ஈடாகப் பெற்றுக்கொள்ளும் திட்டத்தைக் கொண்டு வந்தது. சந்தை விலையினும் அது மிக அதிகம். அரிசி கிடங்குகளில் தேங்கியது, 2014இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, திட்டம் மறைந்தது. இதற்கிடையே 2011இல் நம் தேசம் பாசுமதி அல்லாத அரிசியின் ஏற்றுமதித் தடையை நீக்க, 2012இல் உலக அரிசி ஏற்றுமதியில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த தாய்லாந்தை இந்தியா முந்திவிட்டது. "மலிவாக விற்கிற கேக் நீர்தானா?" என்று ஒரு பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார். சிரித்தாலும் கேட்டது கேட்டதுதான்.

கிராமத்தில் ஓடு வேய்ந்த புதிய மாடி வீடுகள் சில இருந்தன. ஒவ்வொன்றையும் காட்டி, "இது தைவான், இது கொரியா, இது ஐரோப்பிய மாப்பிள்ளை" என்று நண்பர் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு வீட்டின் முன் மட்டும் குரலைத் தாழ்த்தி, "இஸ்ரேல்" என்றார். 2023 அக்டோபர் 7ஆம் தேதி அந்நாட்டில் நடந்த தாக்குதலில் முப்பதுக்கு மேற்பட்ட தாய்லாந்துத் தொழிலாளர் மாண்டார்கள். சுமார் முப்பது பேர் பிணையாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்த ஈசானத்து உழவர் வீட்டுப் பிள்ளைகள். பிறர் தோட்டத்தில் பயிர் செய்யப் போனவர்கள். அந்த வீட்டுக்காரர் உயிரோடு திரும்பி வந்துவிட்டார். வந்தவர் வீட்டின் மேல்மாடியைக் கட்டி முடிக்கவில்லை. கம்பிகள் வானத்தை நோக்கி நின்றன.

நிற்க. ஈசானத்தில் குடும்ப முறை நம்மிலிருந்து வேறானது. அங்கே மருமகன்தான் பெண் வீட்டுக்கு வாழ வருகிறான். வீடு கடைசிப் பெண்ணைச் சேரும். பெற்றோரை இறுதிவரை காப்பதும் அவள் கடமை. என் நண்பரின் தங்கைதான் அந்தக் கடைசிப் பெண். அவருக்கு ஆறு வயதில் ஒரு மகள். முதல் முறை வெளிநாடு செல்ல நிலப் பத்திரத்தை அடகு வைத்துப் பணம் கட்டியபோது இடைத்தரகர் ஒருவர் ஏமாற்றிவிட்டார். அந்தக் கடனை அடைக்கவே இரண்டாம் முறை முயன்று மூன்று ஆண்டு தைவானில் உழைத்தார். கடன் தீர்ந்தது, திரும்பினார். இப்போது மறுபடியும் போகிறார். அறுவடை முடிந்த நான்காம் நாள் பயணம். "இந்த முறை எதற்காக?" என்று கேட்டேன். மகளின் படிப்புக்கு என்றார். அந்தப் பதிலை நாம் அனைவரும் எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்!

அன்றிரவு தாயார் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, எனக்கு எத்தனை ராய் நிலம் என்று விசாரித்தார். கும்பகோணத்துக்கு அருகே மூன்று ஏக்கர் நன்செய் இருந்தது. தகப்பனார் காலமான பிறகு விற்றுவிட்டோம் என்று சொன்னேன். நண்பர் மொழிபெயர்த்தார்.

"அரிசி?" என்றார் அம்மையார்.

"கடையில் வாங்குகிறோம்."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு ஏதோ சொன்னார். நண்பர் அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். நான் வற்புறுத்தவே, "வயதான பின் எந்த ஊருக்குத் திரும்பிப் போவாய், பிள்ளாய் என்று கேட்கிறார்" என்றார். என்னிடம் விடை இல்லை. மும்பையில் வாங்கிய வீட்டைப் பற்றிச் சொல்லலாமென்று எண்ணி, சொல்லாமல் விட்டேன்.

மறுநாள் காலையில் பெண்ணுக்கு வழியனுப்பு நூல் கட்டினார்கள். மனிதனுக்கு உடம்பில் 32 'குவான்' உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. உயிர்ச்சத்து என்று வைத்துக்கொள்ளலாம். பயணத்திலும் பயத்திலும் நோயிலும் அவை உடலை விட்டு அலையப் போய்விடும். பெரிய சடங்கானால் இலையால் கோபுரம் செய்து வைத்து, 'மோ பிராம்' எனப்படும் முதியவர் அவற்றை அழைப்பார். 'பிராம்' என்பது பிராமணர் என்ற சொல்லே. ஆனால் அவர் ஊர்க் குடியானவர்தான். இங்கே தாயாரே கட்டினார். பெண்ணின் உள்ளங்கையில் ஒரு பிடி ஒட்டும் சோறும் அவித்த முட்டையும் வைத்து, வெள்ளை நூலை மணிக்கட்டில் சுற்றி முடிந்தார். காட்டில் திரிந்தாலும் திரும்பி வா, நீரில் திரிந்தாலும் திரும்பி வா என்கிற பாவனையில் சொல்லிக்கொண்டே கட்டினார். பேத்தி தன் தாயின் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதுவும் சடங்கில் சேர்ந்தது. யாரும் அழவில்லை. முடிந்ததும் அம்மையார் என்னைப் பார்த்துக் கையை நீட்டச் சொன்னார். எனக்கும் ஒரு நூல். மூன்று நாளாவது அவிழ்க்கக் கூடாது என்றார்கள்.

புறப்படும்போது பஸ்ஸின் அடித்தட்டில் இரண்டு மூட்டை அரிசி ஏறியது. மகன் பாங்காக்குக்குப் போய் இருபது வருஷமாகிறது. இந்த இருபது வருஷமும் அவர் ஒட்டு அரிசியை விலைக்கு வாங்கியதில்லை. அந்த 3 ராய் விளைச்சல் ஊரிலிருந்து பஸ்ஸிலேயே போய்ச் சேர்ந்துவிடும். அதிலிருந்து நாலு படி அளந்து எனக்கும் கொடுத்தார்.

பாங்காக் வந்த மறுநாள் என் சகோதரி மகன் மனைவி அந்த அரிசியைக் குக்கரில் வைத்தாள். கூழாகிப் பசையாகி, கரண்டியை விட்டு வர மறுத்தது. நான்காம் நாள் நண்பர் வேலைக்கு வரவில்லை. தங்கையைச் சுவர்ணபூமியில் விமானம் ஏற்றச் சென்றிருந்தார். அன்று நாங்கள் அரிசியை முதல் நாளிரவே ஊற வைத்து, இட்டலிப் பானையில் துணி விரித்து அவித்தோம். சரியாக வந்தது.